திரை பொறுப்பேற்குமா?

புகையிரதத்தின் கதவுகளை மூடி, "புறப்படலாம்" எனத் தீர்மானிக்கும் பொறுப்பு எவருக்குரியது? பிரித்தானியாவில் பல வேலைநிறுத்தங்களுக்கு வித்திட்ட வினா இது.

1983 ஆம் ஆண்டில், இலண்டனுக்கும் பெட்ஃபோர்டுக்கும் இடையே, காவலரின்றிச் சாரதி ஒருவரே வண்டியை நடத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் கமராக்கள் கதவோரத்தைப் படம்பிடிக்கின்றன. மேடை முனையிலுள்ள திரையில் சாரதி அதனைப் பார்த்துப் புறப்படுகிறார். பிற்காலத்தில் அத்திரை பல வண்டிகளில் அவரது அறைக்குள்ளேயே இடம்பெற்றது.

இம்முறை முற்றிலும் தீதென நாம் வாதிடவில்லை. காவலர் இருந்தும் விபத்து நேர்ந்ததுண்டு. 2011 இல் லிவர்பூல் ஜேம்ஸ் வீதி நிலையத்தில், வண்டியிற் சாய்ந்து நின்ற இளம்பெண்ணொருவர் மாண்டார். புறப்பட அறிகுறி கொடுத்த காவலர் சிறை சென்றார். தகுந்த கருவிகளும் பயிற்சியும் நடைமுறைகளும் இருப்பின் சாரதி மட்டும் இயக்கும் முறை பாதுகாப்பானதே என, 2017 இல் அந்நாட்டுப் புகையிரத ஒழுங்குமுறை அலுவலகமும் கூறியது.

ஆயின், "இருப்பின்" என்ற அவ்வொரு சொல்லிலேதான் பிரயாணியின் உயிர் தங்கியிருக்கிறது. நீண்ட வண்டியின் கதவுகள் அனைத்தையும் சிறு சிறு படங்களாகச் சில விநாடிகளிற் பார்த்து முடிக்க வேண்டியவர் சாரதி. 2015 இல் வெஸ்ட் விக்கம் நிலையத்தில் முதுகுப்பையின் பட்டி கதவிற் சிக்கியதால் ஒரு பெண் இழுத்துச் செல்லப்பட்டார். அதே ஆண்டில் ஹேய்ஸ் அன்ட் ஹார்லிங்டன் நிலையத்தில் கை சிக்கிய மற்றொரு பெண்ணுக்கும் அதே கதி நேர்ந்தது. இரண்டும் சாரதி மட்டும் இயக்கிய வண்டிகளே. கதவுகள் பூட்டிவிட்டனவெனக் காட்டும் விளக்கு, மெல்லிய பட்டி சிக்கியதை அறியாது. இத்தகைய வேளையில், திரையை அமைத்தவரையும் ஆளைக் குறைத்தவரையும் விட்டுச் சாரதியை மட்டும் பழிப்பது, எய்தவன் இருக்க அம்பை நோவதாகும்.

2016 இல் தென் இங்கிலாந்தின் 'சதர்ன்' சேவையில் மூண்ட தகராறின் சாரமும் இதுவே. 2017 இல் சாரதிகளின் சங்கம் செய்துகொண்ட உடன்பாடு, வண்டியில் இரண்டாவது ஊழியர் இருக்கவேண்டுமென ஏற்றது. ஆனால் விதிவிலக்கான வேளைகளில் அவரின்றியும் ஓடலாமென்றது. விதிவிலக்கே விதியாகிவிடும் அபாயத்தை நாம் சுட்டிக்காட்டாமலிருக்க முடியாது. 2018 இல் லிவர்பூலின் 'மெர்சிரெயில்' சேவையோ, புதிய வண்டிகளிலும் காவலரை வைத்திருக்க இணங்கியது. மனமிருந்தால் வழியுமுண்டு என்பதற்கு இதுவே சான்று.

கமரா சாரதிக்குத் துணைக்கண்ணாக இருக்கட்டும். அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்பலகை வைக்கவும், நள்ளிரவில் தனித்திருக்கும் பெண்ணுக்குத் துணைநிற்கவும் திரையால் இயலாது. சம்பளச் செலவைக் குறைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவதை எந்நாட்டு மக்களும் ஏற்கலாகாது!