பம்ப் பூட்ட முதல் கேஜைப் பூட்டுங்கள்

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் திருகோணமலைப் பாலையூற்றில் பைப் வேலை செய்பவர்களுக்கு மூச்சுவிட நேரமிருப்பதில்லை. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகளின் விடுமுறைக்கு வருகிறவர்கள், மேல்மாடியில் புதிதாகக் கட்டிய குளியலறையில் ஷவரைத் திறந்து பார்த்துவிட்டு நம்மைக் கூப்பிடுகிறார்கள். "தம்பி, பிறெசர் காணாது. ஒரு பம்ப் போட்டு விடுங்கோ." நாமும் போட்டுவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு வருகிறோம். இந்த இதழில் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் சொல்வது ஒரு குறை. அதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது நம் தொழில். 10 மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மொட்டை மாடியில் தாங்கி; அதற்கு ஒன்றரை மீற்றர் கீழே மேல்மாடி ஷவர். அந்த ஷவருக்குக் கிடைப்பது 0.15 பார்தான். குழாயை எவ்வளவு திறமாகப் பொருத்தினாலும் இதற்கு மேல் ஒரு துளி கூடாது. லண்டனில் தெருக் குழாயின் அழுத்தத்திலேயே குளித்துப் பழகியவருக்கு இது தூறலாகத்தான் தெரியும். இங்கே தாங்கியை உயர்த்த வேண்டும், அல்லது தாங்கிக்குப் பிறகு ஒரு சிறிய பம்ப் வைக்க வேண்டும். இதில் வாதமில்லை.

ஆனால் அதே வீட்டில் கீழ்த்தளச் சமையலறைக் குழாயும் மெல்லமாக வந்தால்? அங்கே தாங்கியிலிருந்து நான்கைந்து மீற்றர் இறக்கம் இருக்கிறது. ஒரு வாளியை நிரப்ப அது தாராளம். அப்படியென்றால் உயரத்தில் பிழையில்லை, வழியில் எங்கோ அடைப்பு. இதை ஐந்து நிமிடத்தில் பிரித்தறியலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தோட்டத்துக் குழாயில் கேஜைப் பூட்டி ஓடாத அழுத்தத்தைப் பாருங்கள். பிறகு பக்கத்துக் குழாயைத் திறந்து, முள் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். மூடியிருக்கும்போது சரியாக நின்ற முள் திறந்ததும் படுத்துவிட்டால், அந்த வீட்டுக்கு வேண்டியது பம்ப் அல்ல. கேற் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கலாம், வோஷ்பேசினுக்குக் கீழுள்ள அங்கிள் வால்வில் மணல் இறுகியிருக்கலாம், ஷவர் வலையில் கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைக் காவி படிந்திருக்கலாம், மேலே வளைந்து இறங்கும் குழாயில் காற்று தங்கியிருக்கலாம். உங்கள் கேஜ் 0.2 பாரைத் தெளிவாகக் காட்டாது என்றால் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர் நிற்கும் உயரத்தை அளவு நாடாவால் அளந்தாலே போதும். ஓட்டத்தை அளக்க 10 லீற்றர் வாளியும் கைத்தொலைபேசிக் கடிகாரமும் தாராளம்.

எல்லாவற்றையும் விட அடிக்கடி காண்பது நாமே வைத்த மெல்லிய குழாய். குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீரைக் கொண்டுபோக ஏறத்தாழ 30 மடங்கு அழுத்தம் உராய்விலேயே போய்விடும். 1 பார், 2 பார் இருக்கும் இடத்தில் இந்தப் பிழையை மறைக்கலாம். தாங்கித் தண்ணீரில் மறைக்க முடியாது. தாங்கியிலிருந்து அரை அங்குலக் குழாயை இறக்கி, அதிலேயே இரண்டு குளியலறையும் ஒரு சமையலறையும் கொழுவிவிட்டு, பிறகு பம்ப் விற்பது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. மீற்றருக்கு அடுத்தபடியாக நீர் வழங்கல் சபையின் குழாயிலேயே மோட்டரைப் பூட்டி இழுப்பது. நமது நகரத்துப் பைப் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது. வழியெங்கும் எத்தனையோ பேர் அதில் பங்கு. வறட்சி மாதங்களில் குழாயில் அழுத்தம் ஏற்கெனவே இறங்கி நிற்கும்போது ஒரு வீடு இழுத்தால் அடுத்த வீட்டுக் குழாய் காற்றை ஊதும். அவரும் ஒரு மோட்டர் வாங்குவார். அதோடு நின்றால் பரவாயில்லை. உறிஞ்சும்போது தெருக் குழாயின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைந்தால், கசியும் மூட்டுகள் வழியாக வாய்க்கால் தண்ணீர் உள்ளே ஏறும். அந்தத் தெருவே அதைக் குடிக்கும். சபை இதை அனுமதிப்பதில்லை என்பது ஒருபுறமிருக்க, தொழில் தெரிந்தவன் செய்யக்கூடிய வேலையே இல்லை. நிலத்தடித் தொட்டி ஒன்று கட்டி, பந்து வால்வு வைத்து, இரவில் தானாக வரும் தண்ணீரைச் சேர்த்து, அங்கிருந்து மேல் தாங்கிக்கு ஏற்றுங்கள். செலவு கூடத்தான். அதை வீட்டுக்காரருக்கு விளக்குவதும் நம் வேலைதான்.

இங்கிருந்து போய் லண்டனில் இதே தொழில் செய்யும் நம் பொடியளுக்கும் இதே சோதனை வேறு உருவத்தில் வருகிறது. வீட்டைச் சூடாக்கும் தேவை திருகோணமலைக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. அங்கே அது இல்லாமல் மாரி கழியாது. வீட்டைச் சூடாக்கும் கொம்பி பொயிலரின் முள், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது 1 பாருக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். அது அரைக்கு இறங்கிவிட்டால் பொயிலர் நின்றுவிடும். நிரப்பும் குழாயைத் திறந்து முள்ளை ஏற்றி, உடனே மூடிவிடுவது வீட்டுக்காரரே செய்யக்கூடியது. றேடியேற்றரில் காற்றுத் திறந்துவிட்ட பிறகு ஒருமுறை இறங்கினால் அதோடு சரி. வாரத்துக்கு வாரம் இறங்கினால், ஏற்றிவிடுவதைப் பழுதுபார்ப்பு என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஒட்சிசன் கலந்த புதுத் தண்ணீர் உள்ளே போகிறது. றேடியேற்றரின் இரும்பு உள்ளிருந்தே அரிக்கிறது. கறுத்த சேறு பம்பில் போய்ப் படிகிறது.

தேடும் முறை எளிது. இரவில் பொயிலரின் கீழுள்ள போக்கு, வரத்து வால்வுகள் இரண்டையும் மூடிவிடுங்கள். காலையில் முள் விழுந்திருந்தால் குறை பொயிலருக்குள்ளே. விழாவிட்டால் வீட்டுக் குழாய்களிலோ றேடியேற்றர் வால்வுகளிலோ. வெளிச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாயின் வாயில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டிவிடுங்கள். பையில் தண்ணீர் சேர்ந்தால் பெரும்பாலும் விரிவுக் கலத்தின் காற்று போயிருக்கும். 100 லீற்றர் தண்ணீர் 10 பாகையிலிருந்து 70 பாகைக்குச் சூடாகும்போது 2 லீற்றருக்கு மேல் பெருக்கும். அந்தப் பெருக்கத்தை ஏற்கக் கலத்தில் காற்று இல்லையென்றால் அழுத்தம் 3 பாருக்கு ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே விடும். ஆறியதும் முள் கீழே. கலத்தின் காற்று முனையை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளேயுள்ள இறப்பர் கிழிந்துவிட்டது. அதற்கு மேல், எரிவாயுப் பக்கம் கை வைப்பதற்கு அந்த நாட்டுப் பதிவு வேண்டும். பதிவில்லாதவர்கள் மூடியைக் கழற்றவே வேண்டாம்.

இங்குள்ள கீசருக்கும் இதே கணக்குத்தான். 50 லீற்றர் கீசரில் தண்ணீர் சூடாகும்போது ஒரு லீற்றர் அளவு பெருக்கும். பின்னோக்கிப் போகவிடாத வால்வு இருந்தால் அந்தத் தண்ணீர் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டும். சுவர் நனைகிறது என்று அதற்கு மூடி போட்டு அடைத்துவிட்டுப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வீட்டுக் குளியலறையில் ஒரு வெடிகுண்டை மாட்டிவிட்டுப் போகிறோம். சொட்டுவதை வாய்க்காலுக்கு ஒரு குழாய் விட்டுக் கொண்டுபோங்கள், அடைக்காதீர்கள்.

ஏன் அளக்காமல் பம்ப் பூட்டுகிறோம் என்றால், பம்புக்குக் கூலி உண்டு, பார்த்துச் சொல்வதற்குக் கூலி இல்லை. ஒரு மணி நேரம் தேடி, அங்கிள் வால்வில் இருந்த மணலைத் தட்டிவிட்டவனுக்குத் தேத்தண்ணீர் மட்டும்தான் கிடைக்கிறது. வாகனம் திருத்துகிறவர் பார்த்துச் சொல்லவே காசு வாங்குகிறார். நாமும் வாங்க வேண்டும். அதை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காசு கேட்பதற்குக் கையில் ஏதாவது காட்ட வேண்டும் அல்லவா? பற்றுச்சீட்டின் கீழே நான்கு வரிகள் எழுதுங்கள்: மூடியிருக்கும்போது அழுத்தம், ஒரு குழாய் திறந்தபோது அழுத்தம், வாளி நிரம்பிய நேரம், தாங்கியின் உயரம். வேலை முடிந்தபின் அதே நான்கையும் திரும்ப அளந்து பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகிறவர் நீங்களாக இல்லாவிட்டாலும், எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.