நீருக்குரிய நிலம்

வெள்ளவத்தையிலே காலி வீதியின் கீழாகச் சென்று கடலிற் கலக்கும் கால்வாயை அறியாதார் நம்முள் இலர். ஆயின், அதனை நாற்றமெடுக்கும் சாக்கடை என்று எண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துசெல்வோரே பலர். உண்மையில் அது கொழும்பு மாநகரின் மழைநீர் வெளியேறும் வாயில்களுள் ஒன்று. தெகிவளையிலும், கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரப் பக்கத்திலும் வேறு வாயில்கள் உள. பெருமழை பெய்யுங்கால் நீர் முழுவதும் ஒரே வேளையிற் கடலை அடைதல் இயலாது. அதனைத் தாங்கிவைத்துச் சிறிது சிறிதாக விடுபவை கொலன்னாவை, கோட்டே முதலிய இடங்களிலுள்ள சதுப்பு நிலங்களே.

இந்நிலங்களைப் பயனற்றவை எனக் கருதி, மண் கொட்டி மேடாக்கினோம். எஞ்சியவற்றிற் குப்பையைக் குவித்தோம். விளைவு யாது? 2010 நவம்பரிற் பெய்த மழையிலே நாடாளுமன்ற வளவினுள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருக, கொலன்னாவை மக்கள் வீடிழந்து தவித்தனர். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. குப்பை நகரம் முழுவதினதும். மாண்டவரோ அதன் அடிவாரத்தில் வாழ்ந்த ஏழைகள். மாடிவீடுகளில் வாழும் நாம் இதனை மறத்தல் அறமாகாது.

2018ஆம் ஆண்டிலே, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்கள் என முதன்முதல் அங்கீகாரம் பெற்ற பதினெட்டு நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பெருமைக்குரிய செய்தியே. ஆனாற் பட்டயம் வெள்ளத்தைத் தடுக்காது, நிலமே தடுக்கும்.

கடவுள் வாழ்த்தினை அடுத்து மழையின் சிறப்பை வைத்தார் வள்ளுவர். குளந்தொட்டு வளம்பெருக்குதலைப் பேரறமாகப் போற்றியது நம் மரபு. அம்மரபினைப் பேச்சுப் போட்டிகளிற் புகழ்வதோடு அமையாது, தொழிலிலும் காட்டுதல் வேண்டும். நம் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், சட்டத்தரணிகள் உளர், காணி வாங்கிக் கட்டடம் எழுப்பும் வணிகரும் உளர். சதுப்பை நிரப்பும் வரைபடத்திற் கையொப்பமிடேன், அத்தகைய காணியை வாங்கேன் என அவர்கள் உறுதிபூணுவாராயின், அது நூறு மேடைப் பேச்சுக்களினும் மேலாம்.

கல்லூரியும் ஆண்டுக்கொரு முறையேனும் மாணவரைக் கோட்டேச் சதுப்பு நிலங்களுக்கு அழைத்துச் சென்று, வெள்ளவத்தைக் கால்வாயின் நீர் எங்கிருந்து வருகின்றதெனக் காட்டுதல் நன்று. நீர் தங்குதற்குரிய இடத்தை நாம் விட்டுக்கொடாவிடின், அது நம் இல்லங்களிலே இடந்தேடும் என்பது ஒருதலை.