நாயின் தின்பண்டமும் தம்பியின் கையும்

செல்லப்பிராணிகளுக்கான தின்பண்டத்தில் கிருமி இருப்பது தெரிந்து, அது கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்படுவதாக அவ்வப்போது செய்தி வருகிறது. நாய் வளர்க்காதவர்கள் அதைப் படிப்பதில்லை. வளர்ப்பவர்களில் பலரும், “நம் நாய் நன்றாகத்தானே இருக்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் நாய்க்குத் தீனி கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பிள்ளைகளிடம் இருப்பதால், இதை மாணவர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். நாய் கடித்து மெல்லுவதற்காகப் பன்றிக் காதுகளை உலர்த்தி விற்பது அங்கே வழக்கம். அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், 13 மாநிலங்களில் 45 பேரைத் தாக்கிய சால்மோனெல்லா கிருமிக்கும் இந்தக் காதுகளுக்கும் தொடர்பு இருப்பதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையம் அறிவித்தது. அக்டோபர் இறுதியில் விசாரணை முடிந்தபோது, 34 மாநிலங்களில் 154 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். 35 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி அது.

இன்னோர் எண்தான் என்னை யோசிக்க வைத்தது. நோயுற்றவர்களில் 27 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அவர்கள் யாரும் பன்றிக் காதைத் தின்றிருக்க வேண்டியதில்லை. தின்பண்டத்தைத் தொட்ட கையை வாயில் வைத்தாலே போதும். அதை மென்ற நாய் முகத்தை நக்கினாலும் போதும். கிருமி புகுந்த நாய்க்கு நோயின் அறிகுறி எதுவும் தெரியாமலே இருக்கலாம். அதன் மலத்தின் வழியே கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே, நாய் வாலாட்டுவதை வைத்து வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது.

உலர்ந்த பொருளில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். உலர்த்துவதால் சால்மோனெல்லா பெருகுவது நிற்குமே தவிர, அது செத்துவிடாது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தாலும் அதே கதைதான். போதிய வெப்பத்தில்தான் அது மடியும். அப்படி வெப்பப்படுத்திய பிறகும் அசுத்தமான மேசையில் பட்டால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

“அந்தக் காலத்தில் மீந்த சோற்றையும் மீனையும் போட்டோம், நாய்க்கு என்ன ஆயிற்று?” என்று வீட்டில் பாட்டி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், அது அன்றைக்குச் சமைத்த சோறு. கெட்டுப்போனாலும் அந்த ஒரு வீட்டோடு போயிற்று. இன்று அப்படியில்லை. அமெரிக்கக் கடைகளில் இருந்த காதுகளில் அர்ஜெண்டினா, பிரேசில், கொலம்பியா நாடுகளிலிருந்து வந்தவையும் இருந்தன. பல கடைகள் அவற்றைப் பொட்டலமில்லாமல் திறந்த தொட்டிகளில் கொட்டி விற்றன. எது யாருடைய சரக்கு என்று வாங்கியவருக்குத் தெரியவில்லை. ஒரு நிறுவனத்தை மட்டும் சுட்டிக்காட்ட முடியாததால், எந்தப் பன்றிக் காதையும் வாங்க வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்று ஜூலை 31ஆம் தேதி அதிகாரிகள் சொல்ல வேண்டியதாயிற்று.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கமும் வருகிறது. தின்பண்டத்தை அழகான டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பையோடு போய்விடுகின்றன. பிறகு மீட்பு அறிவிப்பு வந்தால் எதை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது? தீரும்வரை பண்டம் அதன் பையிலேயே இருக்கட்டும். டப்பாதான் வேண்டுமென்றால் பையோடு உள்ளே வையுங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி உண்டு. பூனைத் தீனிக்கும் இதெல்லாம் பொருந்தும்.

கொடுத்து முடித்ததும் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். நாயின் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். தவழும் வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், நாய் மென்று போட்ட துண்டு தரையில் கிடக்கக்கூடாது. மீட்கப்பட்ட பண்டம் கையில் இருந்தால், வீணாகிறதே என்று கீழ்த்தளத்துப் பூனைகளுக்குப் போடுவது அவற்றுக்குச் செய்யும் உதவி ஆகாது. பையை இறுகக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, டப்பாவைக் கழுவுங்கள்.

இதற்காக நாயையே அனுப்பிவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சால்மோனெல்லா கோழி இறைச்சியிலும் முட்டையிலும்கூட வருகிறது. அதற்காக நாம் சமைப்பதை நிறுத்தவில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் மருத்துவர் கேட்பார். நாய்க்கு என்ன கொடுத்தீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.