ஜாடி மூடி மூட மறுக்கிறதா?

சகோதரிகளே, மாசி, பங்குனியில் மாவடு போட்டவர்களுக்கெல்லாம் ஆடி மாதத்தில் ஒரு பரீட்சை வரும். ஜாடியைத் திறக்கும்போது கடுகும் மிளகாயும் கலந்த அந்த வாசனை கம்மென்று வந்தால் பாஸ்! பூஞ்சை வாடை வந்தால் ஆறு மாத உழைப்பு சாக்கடையில்!

போன ஆடியில் எங்கள் பக்கத்துப் போர்ஷன் பெண் இந்தப் பரீட்சையில் பாதி தோற்றுப் போனாள். இடுப்பில் பதினாலு மாதக் குழந்தை, கையில் கண்ணாடி ஜாடி, முகத்தில் அழுகை.

"அக்கா, இதப் பாருங்களேன்! மேலாப்பலதான் பூத்திருக்கு. வழிச்சுப் போட்டுட்டா அடியில இருக்கறது நல்லாத்தானே இருக்கும்? ஞாயித்துக்கிழமை அத்தை வர்றாங்க. அவங்க கையால போட்டுக் குடுத்த வடு. கெட்டுப் போச்சுன்னு எப்படிக்கா சொல்றது?"

ஜாடியை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி மூடி, ரப்பர் வளையம், கம்பியில் 'டக்' என்று அழுத்திப் பூட்டும் வகை. இப்போது எல்லாப் பாத்திரக் கடைகளிலும் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான். ஜோடியாக வாங்கியதில் இது ஒன்று. பச்சையும் கறுப்புமாகப் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. கம்பி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, மூடி இடது பக்கம் ஒரு நூல் தூக்கி நின்றது. கழுத்தைச் சுற்றி உப்புப் பூத்து, கம்பியில் துரு.

நடந்தது புரிந்துவிட்டது. மாவடுவைத் தினமும் குலுக்க வேண்டும் அல்லவா? குலுக்கும்போதெல்லாம் மூடியின் இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் கசிந்திருக்கிறது. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, மேலே இருந்த வடுக்கள் காற்றில் காய்ந்தன. பூஞ்சைக்கு வேண்டியது அந்தக் காற்றுதான். கசிந்த உப்புத் தண்ணீர் கம்பியையும் அரித்துவிட்டது. கோணிய கம்பி ஒன்று. அதனால் வந்த நஷ்டம் நாலு படி வடு!

"வழித்துப் போட்டுச் சாப்பிடுகிற பேச்சே வேண்டாம்மா" என்றேன். பஞ்சு மாதிரி நிறத்தோடு வளர்ந்த பூஞ்சைக்கு வேர் போன்ற இழைகள் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாமல் அவை உள்ளே இறங்கியிருக்கும். சில பூஞ்சைகள் விடுகிற நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. அதுவும் குழந்தைக்குத் தயிர் சாதத்தில் ஒரு சொட்டு வடுத்தண்ணீர் விட்டுப் பிசைகிற வீட்டில் இந்த விஷப்பரீட்சை எதற்கு? முழுவதையும் கொட்டச் சொன்னேன். மனசு கேட்காமல்தான் கொட்டினாள்.

அவசரத்தில் உடைந்த விளிம்பு

சாயங்காலம் அவள் கணவர் ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வந்தார். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. "இது ஒரு பெரிய விஷயமா?" என்று கட்டிங் பிளேயரை எடுத்தார், ஜாடியில் மாட்டியிருந்தபடியே கம்பியைப் பிடித்து ஒரு நெருக்கு. 'டிக்' என்று சத்தம். கம்பி நிமிர்ந்தது. ஆனால் ஜாடியின் வாயில் கடுகளவு கண்ணாடிச் சில்லு பெயர்ந்துவிட்டது! நல்லவேளை, ஜாடி காலியாக இருந்தது. உள்ளே ஊறுகாய் இருந்து, அந்தச் சில்லு அதில் விழுந்திருந்தால் என்று நினைக்கவே நடுங்குகிறது.

கண்ணாடியின் குணம் அப்படி. அழுத்தினால் தாங்கும், இழுத்தாலோ வளைத்தாலோ தாங்காது. ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், வளைக்கிற பலம் முழுவதும் அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவியும். சைன்ட் கோபென் தொழிற்சாலை 2000-ம் ஆண்டு முதல் கண்ணாடி வார்க்கிற ஊர் எங்கள் ஸ்ரீபெரும்புதூர். கண்ணாடி வெட்டுகிற கடைக்காரர் செய்வதைக் கவனியுங்கள். மேலே ஒரு கோடு கீறி, லேசாக அழுத்துவார். பலகை அந்தக் கோட்டோடு இரண்டாகும். நாம் பிளேயரால் செய்ததும் அதுதான், தெரியாமல் செய்தோம்.

ஆகவே முதல் விதி: கம்பி ஜாடியில் இருக்கும்போது வளைக்கவே கூடாது. கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது?

விளிம்பு உடைந்ததில் அவருக்கும் வருத்தம். இரண்டாவது ஜாடியைப் பார்த்தார். அதிலும் கம்பி லேசாகக் கோணல்தான். சற்று நேரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்க ஷாப்ல இருக்கிற டாகிள் கிளாம்ப்தான்!" என்றார்.

கார் உடம்புக்கான தகடுகளை வெல்டிங் செய்யும்போது, அவை அசையாமல் இருக்க ஒரு பிடிப்பான் போடுவார்களாம். பிடியைக் கீழே தள்ளத் தள்ள இறுகும். நடுக்கோட்டைத் தாண்டியதும் 'டக்' என்று தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு தகடு எவ்வளவு முட்டினாலும் பூட்டு இன்னும் இறுகுமே தவிர திறக்காது. நம் ஜாடியிலும் அதே வேலைதான். முன்பக்கக் கம்பி நடுக்கோட்டைத் தாண்டி இறங்கும்போது மூடியைக் கீழே இழுத்து ரப்பரை நசுக்குகிறது. கம்பியின் வில் போன்ற விறைப்புதான் அந்த அழுத்தத்தை மாதக்கணக்கில் விடாமல் வைத்திருக்கிறது. கம்பி கோணினால் அழுத்தம் ஒரு பக்கம் அதிகமாகி மறுபக்கம் குறைந்துவிடும்.

இது இன்று நேற்று வந்த யுக்தி இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் டி குயில்ஃபெல்ட் என்பவர் 1875-ல் பாட்டில்களுக்காக இந்தக் கம்பிப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1882-ல் ஹென்றி புட்னம் என்பவர் இதைப் பழ ஜாடிகளுக்குக் கொண்டுவந்தார். 'மின்னல்' என்று பொருள்படும் பெயரில் அவை விற்றன. நம் ஊர் கோலி சோடா பாட்டிலும் அதே காலத்தில் இங்கிலாந்தில் பிறந்ததுதான். அதில் உள்ளே இருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி அடைக்கிறது. கம்பி ஜாடியிலோ வெளியிலிருந்து அழுத்தினால்தான் அடைப்பு. அதனால்தான் கம்பிக்கு இவ்வளவு மரியாதை!

கைக்கருவி செய்வோமா?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கம்பி கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலகையில் ஆணி அடித்து, அதன் இடுக்கில் கம்பியை நுழைத்து வளைப்பார்கள். அதையே சின்னதாகச் செய்து கொடுத்தார் அந்தத் தம்பி. தேவை இரண்டே பொருள்:

1. பலகை: ஒரு சாண் நீளம், இரண்டு விரல் கனமுள்ள கெட்டியான மரத்துண்டு. அதில் இரண்டு கனமான ஆணிகளை, நடுவில் ஜாடிக் கம்பி நுழையும் இடைவெளி மட்டும் விட்டு அடிக்கவும். அரை அங்குலம் வெளியே நிற்கட்டும். தலையை வெட்டி, அரத்தால் முனையை மழுக்கிவிட வேண்டும்.

2. பள்ளப் பட்டை: ஒரு சாண் நீள இரும்புப் பட்டை. அதன் நுனியில் கம்பி உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். வெல்டிங் பட்டறையில் கேட்டால் ஐந்து நிமிட வேலை. ஜாடிக் கம்பி வளையமாக மூடியிருந்தாலும், பக்கவாட்டில் இதைக் கவ்வ வைத்துத் திருப்பலாம். பிளேயர் மாதிரி கம்பியைக் கடித்துத் தழும்பு உண்டாக்காது.

செய்முறை

*முதலில் ரப்பரைப் பாருங்கள்.* பாதி நேரம் குற்றவாளி கம்பி இல்லை, ரப்பர்தான்! தட்டையாகி, விறைத்து, வெடித்திருந்தால் புதிது மாற்றுங்கள். பழைய வளையத்தையே கடைக்கு எடுத்துப் போனால் அளவு தவறாது. ரப்பர் மாற்றியும் மூடி தூக்கி நின்றால்தான் கம்பிக்குப் போக வேண்டும்.

*கம்பியைக் கழற்றுங்கள்.* மேஜையில் கெட்டித் துண்டு விரித்து, ஜாடியைக் காலி செய்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். மூடிக் கம்பியின் முனைகள் கழுத்துக் கம்பியின் காதுகளில் மாட்டியிருக்கும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு முனைகளை மெல்ல விலக்கினால் வந்துவிடும். வர மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம்.

*காகிதத்தில் வரையுங்கள்.* நாம்தான் ரவிக்கை வெட்டுகிறோமே! கம்பியைக் காகிதத்தில் வைத்து ஓரமாகப் பென்சிலால் வரையுங்கள். காகிதத்தை நடுவில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால், நல்ல பாதிக்கும் கோணல் பாதிக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நல்ல பாதிதான் உங்கள் அளவு.

*கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள்.* கோணிய இடத்தை ஆணிகளின் நடுவில் வைத்து, பட்டையால் கவ்வி, மெதுவாகத் திருப்புங்கள். வில் குணம் இருப்பதால் கை எடுத்ததும் கம்பி சற்றுப் பின்வாங்கும். அதனால் வேண்டிய அளவைவிட ஒரு மயிரிழை அதிகம் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் காகிதத்தில் வைத்துப் பாருங்கள்.

*இரண்டு தடைகள்:* முன்னும் பின்னும் பல தடவை வளைக்காதீர்கள். கட்டுக் கம்பியை இப்படி வளைத்துத்தானே கையால் ஒடிக்கிறோம்! அடுப்பில் காய்ச்சியும் நிமிர்த்தாதீர்கள். சிவக்கக் காய்ந்த கம்பி இளகிவிடும். பிறகு விறைப்பு ஏது, அழுத்தம் ஏது?

சரியாகிவிட்டதா? சோதித்துப் பாருங்கள்

விரல் அகலக் காகிதத் துண்டை மூடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துப் பூட்டுங்கள். இழுத்தால் சுலபமாக வரக் கூடாது. இப்படி நாலு பக்கமும் பாருங்கள். பிறகு ஜாடியில் பாதி தண்ணீர் விட்டு, வெளியே ஈரம் போகத் துடைத்து, செய்தித்தாளின் மேல் கால் மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். தாளில் ஈரம் தெரியாவிட்டால் ஜாடி பாஸ்.

பூட்ட அதிக பலம் வேண்டியிருந்தால் அதுவும் தப்பு. கம்பி அளவுக்கு மீறி இறுகிக் கண்ணாடியை நெருக்குகிறது என்று அர்த்தம். மறுபடி கழற்றி, சற்றுத் தளர்த்துங்கள்.

விளிம்பில் சில்லு போன ஜாடி, ஆழமாகத் துரு அரித்த கம்பி, வளைவில் வெடிப்பு விட்ட கம்பி, இந்த மூன்றுக்கும் ரிப்பேர் கிடையாது. சில்லு விழுந்த ஊறுகாயை வடிகட்டிச் சாப்பிடவும் வேண்டாம், கொட்டிவிடுங்கள். உடைந்த கண்ணாடியை நாலைந்து காகிதத்தில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிப் போடுங்கள். குப்பை அள்ளுகிறவரின் கையும் கைதானே!

இறுக மூடினால் போதுமா?

இளம் தாய்மார்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். ஜாடி நன்றாக மூடுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் அடைத்து வெளியில் வைக்கக் கூடாது. காற்று இல்லாத இடத்தில்தான் வளருவேன் என்று அடம்பிடிக்கிற கிருமி ஒன்று உண்டு. பாட்டுலிசம் என்கிற கொடிய நரம்பு நோய் அதன் நஞ்சால் வருவது. புளிப்பு நன்றாக இருந்தால் அது வளராது. அதனால் எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களுக்குப் பயமில்லை. புளிப்பே சேர்க்காமல் எண்ணெயில் மட்டும் போட்ட பூண்டு, வேகவைத்த பருப்பு, காய்கறி, குழந்தைக்குக் காய்ச்சிய கஞ்சி இவற்றை இறுக மூடி வெளியில் வைப்பது ஆபத்து. வாசனையிலோ ருசியிலோ அந்த நஞ்சு தெரியாது. கஞ்சியை அவ்வப்போது காய்ச்சிக் கொடுப்பதே உத்தமம். எண்ணெய்ப் பூண்டு என்றால் ஃபிரிஜ்ஜில் வைத்து மூன்று, நாலு நாளில் தீர்த்துவிடுங்கள்.

இதே கிருமியின் வித்துகள் தேனிலும் இருக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை, பெரியவர்கள் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்தக் கம்பிப் பிடி 'டக்' என்று எகிறும்போது பிஞ்சு விரல் நடுவில் மாட்டினால் நசுங்கும். தவழுகிற குழந்தைக்கு எட்டாத அலமாரிதான் இந்த ஜாடிக்கு இடம்.

கம்பி நீண்ட நாள் உழைக்க...

பிடியைப் பக்கவாட்டில் இழுக்காமல், இரண்டு கட்டை விரலாலும் நேராகத் தூக்கித் திறங்கள். கம்பியைப் பிடித்து ஜாடியைத் தூக்காதீர்கள். அடியில் கை கொடுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அன்றே ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எவர்சில்வர் கம்பியானாலும் உப்பு அரிக்கும். காலி ஜாடியைப் பரணில் வைக்கும்போது பூட்டாமல் வையுங்கள், ரப்பர் நசுங்காது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மாமியார் வந்தார். மருமகள் ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் காலி ஜாடியை எடுத்து, கம்பியைத் தடவிப் பார்த்து, "அடிப் பொண்ணே, கடையில வாங்கினப்பவே ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுதான் இருந்தது. நான்தான் கவனிக்கல. வடு என்ன வடு, மாசி வந்தா மறுபடி போட்டுக்கலாம். புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றாராம்.

நிமிர்த்திய ஜாடியில் இப்போது எலுமிச்சங்காய் ஊறுகிறது. தினமும் குலுக்குகிறாள், ஒரு சொட்டுக் கசியவில்லை. பலகையும் பட்டையும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஆணியில் தொங்குகின்றன. தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறேன்: முதலில் கம்பியைக் கழற்ற வேண்டும்!