மார்கழிப் பூவுக்கு ஐப்பசி விதை

மார்கழி பிறந்ததும் வாசலில் கோலம், கோலத்தின் நடுவே சாணி உருண்டை, உருண்டையின் மேல் மஞ்சள் பூசணிப்பூ. தமிழ் வீடுகளின் இந்த வழக்கத்துக்கு மொழி எல்லை கிடையாது. சித்தூரிலும் திருப்பதியிலும் அதே சாணி உருண்டைக்கு கொப்பெம்மா என்று பெயர், பூவுக்கு கும்மடிப்பூ. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதியின் பெரும்பகுதி வட ஆற்காட்டோடு இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை.

பூசணிப்பூவுக்கு ஒரு காலத்தில் யாரும் காசு கொடுத்ததில்லை. கொல்லைக் குப்பைமேட்டில் வீசிய விதை தானே முளைத்து, கூரை மேல் படர்ந்து, கேட்காமலே பூத்தது. இப்போது குப்பைமேடும் இல்லை, கூரையும் இல்லை. பூ சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் மொட்டைமாடியில் இரண்டு பெரிய தொட்டியோ, வீட்டோரம் ஒரு முழ மண்ணோ இருப்பவர்கள் இன்னும் முயலலாம்.

சிக்கல் மழையில்தான். விதைத்த 40, 45 நாளில் பூசணி பூக்கத் தொடங்கும். மார்கழிக்குப் பூ வேண்டுமானால் ஐப்பசியில் விதைத்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதமும் அதுதான். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் ஓடிய வெள்ளம் மறக்கக்கூடியதல்ல. ஊறிய மண்ணில் பூசணி விதை முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். தப்பினால் எலி தோண்டித் தின்னும்.

விடை, வீட்டுக்குள் முளைக்க வைப்பது. பலமநேர், மதனப்பள்ளி பக்கத்து நாற்றுப் பண்ணைகள் தக்காளிக்குச் செய்வதும் இதையேதான்: நிழல்வலைக் குடிலில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகள், குழிக்கு ஒரு விதை. வீட்டுக்குக் குழித்தட்டு தேவையில்லை. காலிப் பால் பாக்கெட்டின் அடியில் நாலு துளை போட்டால் போதும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும்.

விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, பாக்கெட்டுக்கு இரண்டாக, ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் ஊன்றலாம். ஐந்தாறு நாளில் முளை தெரியும். பலர் தவறுவது இங்கேதான். முளை வந்த பிறகும் அறைக்குள்ளேயே வைத்திருந்தால் வெளிச்சம் தேடித் தண்டு நீண்டு, வெளுத்து, ஒடிந்து விழும். முளை கண்ட அன்றே காலை வெயில் படும் தாழ்வாரத்துக்கோ ஜன்னலோரத்துக்கோ மாற்றிவிட வேண்டும். தண்ணீர் மண் காய்ந்த பிறகு மட்டும். ஈரம் தேங்கினால் தண்டின் அடி அழுகும். இரண்டில் மெலிந்த நாற்றைப் பிடுங்காமல் கத்தரித்துவிடுவது நல்லது. பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும்.

பூசணிக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் வேரைத் தொடுவது. தக்காளி நாற்று 25 நாள் வரை பொறுக்கும். பூசணி நாற்றை 12 முதல் 15 நாளுக்குள், விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று இலைகள் விட்டதும் நட்டுவிட வேண்டும். மழை ஓய்ந்த ஒரு மாலை நேரம் பார்த்து, பாக்கெட்டைக் கிழித்து, மண் உடையாமல் எடுத்து வைக்கலாம். மண்ணை மேடாகக் கூட்டி அதன் மேல் நட்டால் அடுத்த மழையில் தண்ணீர் நிற்காது.

முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள். காம்பு மெல்லியதாக இருக்கும். சில நாள் கழித்து வரும் பெண் பூவின் அடியில் குண்டுமணி போல் ஒரு பிஞ்சு இருக்கும். கோலத்துக்குப் பறிக்க வேண்டியவை ஆண் பூக்கள் மட்டுமே. அவற்றிலும் இரண்டு மூன்றை விட்டுவைக்க வேண்டும். விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும் பூ இது. தேனீ வந்து மகரந்தம் எடுத்துப் போக அதற்குள்தான் நேரம். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் பறித்தால் வாசலில் கோலம் நிறையும், பொங்கலுக்குப் பிறகு கொடியில் காய் இருக்காது.

பழுத்த காயிலிருந்து பத்து விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி எடுத்து வைத்தால் அடுத்த ஐப்பசிக்குக் கடைக்குப் போக வேண்டாம். நாட்டு ரகமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாயைப் போலப் பிறக்காது.