படகு ஏன் நட்டத்தில் ஓடுகிறது? ஆலோசனை நிறுவனங்களின் நேர்முகத் தேர்வும் தீவக இளையோரும்

மெக்கின்சி, பெயின் போன்ற முகாமைத்துவ ஆலோசனை நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்கு மனப்பாடம் உதவாது. ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். விடையைவிட அதைத் தேடும் வழிக்கே மதிப்பு: சிக்கலைப் பிரிப்பது, கணக்கை வாய்விட்டுப் போடுவது, ஒரு முடிவைத் துணிந்து சொல்வது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடும் படகு நட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருமானம் குறைந்ததா, செலவு கூடியதா? பயணிகள் குறைந்தார்களா, எரிபொருள் விலை ஏறியதா? கட்டணத்தைக் கூட்டினால் வைத்தியசாலைக்குப் போகும் நோயாளி என்ன செய்வார்? இந்தக் கடைசிக் கேள்வி புங்குடுதீவு மடத்துவெளிப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும்.

இல்லாதது அறிவல்ல, எதிரே இருந்து குறுக்குக் கேள்வி கேட்க ஓர் ஆள். கொழும்பிலும் லண்டனிலும் அந்த வேலையை மூத்த மாணவர்கள் செய்கிறார்கள். நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. போர் அவர்களை ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சிதறடித்துவிட்டது.

கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் அவர்கள் காசு அனுப்புகிறார்கள். பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் வாரத்தில் ஒரு மணிநேரம் வட்ஸ்அப்பில் ஊர்ப் பட்டதாரி ஒருவரிடம் கேள்வி கேட்கட்டும். அதுவும் ஊருக்குச் செய்யும் திருப்பணிதான்.