பிடித்த மீனும் எழுதிய மீனும்

தூண்டில் போடுகிறவர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்மணிகளுக்கு ஒரு ரகசியம் தெரியும். மீன் தண்ணீரில் இருக்கும் வரை மெதுவாகத்தான் வளரும்; கரைக்கு வந்த பிறகுதான் மளமளவென்று வளர ஆரம்பிக்கும்! சனிக்கிழமை ஒரு முழம் இருந்த மீன், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வரும்போது ஒன்றரை முழமாகிவிடும். தீபாவளிக்குள் அதன் நீளத்தைக் காட்ட இரண்டு கைகள் போதாது. துப்பாக்கி தூக்கியவர்கள் சங்கதியும் இதேதான். தப்பி ஓடிய பன்றி, கதை சொல்லச் சொல்ல யானைக்குட்டி ஆகிவிடும்.

இந்த வியாதிக்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும்தான். வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போய் வந்தவர்கள் டயரி எழுதுவது பழைய வழக்கம். பெரும்பாலோர் பெருமைக்காகத்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பெருமைக்கு எழுதிய வரிகூடச் சில சமயம் வேறு வேலைக்கு ஆகிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

பறவை ஆராய்ச்சியில் பேர்பெற்ற சலீம் அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-ல் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தாயையும் தந்தையையும் இழந்து, பம்பாயில் மாமா வீட்டில் வளர்ந்தார். மாமா ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பத்து வயதுப் பையன் கையில் துப்பாக்கி கிடைத்தால் கேட்க வேண்டுமா? சிட்டுக்குருவிகளுக்குக் கஷ்டகாலம் பிறந்தது.

1906, 1907 வாக்கில் பையன் ஒரு குறிப்பு எழுதி வைத்தான். சுவரில் ஒரு பொந்து. உள்ளே பெண்குருவி அடைகாக்கிறது. பொந்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதன் மேல் ஆண்குருவி காவல். பையன் வண்டிக்குப் பின்னால் மறைந்திருந்து ஆண்குருவியைச் சுட்டான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இன்னோர் ஆண்குருவி வந்து அதே ஆணியில் உட்கார்ந்தது. அதையும் சுட்டான். மறுபடி ஒன்று. இப்படி ஏழே நாளில் எட்டு ஆண்குருவிகள்!

படிக்கும்போது, "அடப் பாவி!" என்று நம்மை அறியாமல் சொல்லிவிடுகிறோம். உள்ளே முட்டைகளோடு இருந்த அந்தப் பெண்குருவியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பையனுக்கு அந்த நினைவெல்லாம் இல்லை. தன் குறி தவறாது என்பதற்குச் சாட்சியாகத்தான் எழுதினான். ஆனால் துணையை இழந்த பெண்குருவிக்கு எத்தனை சீக்கிரத்தில் மறுதுணை வந்து சேர்கிறது, வந்தவன் எப்படி முன்னவன் இடத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துவிடுகிறான் என்ற விஷயமும் அந்தக் குறிப்பில் இருந்தது. பறவைகளைப் படிப்பதே வாழ்க்கை என்றான பிறகு, அவருக்கே அது அபூர்வமான குறிப்பாகத் தெரிந்தது. குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்து 1985-ல் அவர் வெளியிட்ட சுயசரிதையில், அதை மறைக்காமல் சேர்த்தார்.

'இந்த வாரம் நிறையக் குருவி சுட்டேன்' என்று மட்டும் பையன் எழுதியிருந்தால் அந்தத் தாள் என்றோ அடுப்புக்குப் போயிருக்கும். ஆணி, வண்டி, ஏழு நாள், எட்டுக் குருவி என்று எழுதியதால் பிழைத்தது.

வீட்டில் பால் கணக்கு வைக்கும் சகோதரிகளுக்கு இந்தச் சூட்சுமத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வந்த நாளை மட்டும் குறித்துவிட்டு, வராத நாளை விட்டுவிட்டால் மாதக் கடைசியில் கணக்கு நேராகுமா? வேட்டை டயரியும் அப்படித்தான். தேதி, இடம், கூட வந்தவர், காற்று, மழை, எத்தனை மணி நேரம் காத்திருந்தோம், கிடைத்தது எத்தனை, தப்பியது எத்தனை - இவ்வளவையும் அன்று இரவே எழுத வேண்டும். மறுநாளைக்கு என்று வைத்தால் மீன் வளர்ந்துவிடும்! வெறுங்கையோடு திரும்பிய நாளைத்தான் கட்டாயம் எழுத வேண்டும். அந்த நாளைத்தான் ஆண்பிள்ளைகள் எழுத மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் அல்டோ லியோபோல்டு என்று ஒரு காட்டிலாகா அதிகாரி இருந்தார். அம்பு குறி தப்பிய நாளையும் எழுதி வைத்த மனிதர். 1922-ல் தம்பியோடு சிறு படகில், மெக்ஸிகோவில் கொலராடோ நதி கடலில் சேரும் இடத்துக்கு வேட்டைக்குப் போனார். பச்சை நீர்த்தேக்கங்களும் காடைகளும் வாத்துகளும் நிறைந்த சதுப்புக்காடு அது. அங்கே திரிவதாகச் சொன்ன ஜாகுவார் மட்டும் கடைசி வரை கண்ணில் படவில்லை. 1935-ல் மேலே ஹூவர் அணை எழும்பியது. பின்னர் வேறு அணைகளும் வந்தன. கடைமடைக்குத் தண்ணீர் வற்றிப்போய், அந்தப் பசுமையில் பெரும்பகுதி மறைந்தது. லியோபோல்டு மறுபடி அங்கே போகவே இல்லை. அவர் 1948-ல் இறந்த பிறகு, 1953-ல் மகன் லூனா அந்த டயரிப் பக்கங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

விஸ்கான்சினில் ஒரு பழைய கொட்டகையில் தங்கி, எந்தப் பூ என்று மலர்ந்தது, எந்தப் பறவை என்று வந்தது என்றும் அவர் எழுதியிருந்தார். விட்ட இடத்திலிருந்து மகள் நீனா 1976-ல் தொடர்ந்தார். அப்பாவின் நோட்டையும் மகளின் நோட்டையும் சேர்த்துப் பார்த்து 1999-ல் ஒரு கட்டுரை வந்தது. 61 வருஷ இடைவெளியில் வசந்தகாலத்து நிகழ்ச்சிகள் பல முன்கூட்டியே வரத் தொடங்கிவிட்டன என்று தெரிந்தது. பெண் கையில் நோட்டு போனால் கணக்கு விட்டுப்போகாது என்று நான் சொன்னால் பட்சபாதம் என்பீர்கள்!

நம் தேசத்தில் 1972-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை டயரிக்கு வேலை போய்விட்டது. தூண்டில்காரர் நோட்டுத்தான் மிச்சம். அதற்குக் காவிரிக்கரையிலேயே ஒரு கதை இருக்கிறது.

கர்நாடகத்தில், ஒகேனக்கலுக்கு மேலே, காலிபோரே என்று ஒரு முகாம். காவிரியில் வாழும் மஹ்சீர் என்ற ராட்சதக் கெண்டைக்காகத் தூண்டில் பிரியர்கள் அங்கே வருவார்கள். பிடித்த மீனை எடை பார்த்து ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். விவரத்தைக் குறித்து வைக்க வேண்டும். 1998 முதல் 2012 வரை இப்படிச் சேர்ந்த கணக்கு, 23,620 மணி நேரம், 6,161 மீன்கள். சுமார் நாலு மணி நேரம் காத்திருந்தால் ஒன்று. மிகப் பெரியது 46.8 கிலோ! ஓர் ஆளின் எடைக்குக் குறைவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கை வைத்து 2015-ல் எழுதினார்கள். மீன்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடியிருந்தது. அங்கே போய் வந்தவர்களைக் கேட்டிருந்தால், "மீனுக்கு என்ன குறைச்சல்? முன்னைவிட அதிகம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சராசரி எடை இறங்கிக்கொண்டே வந்திருந்தது. கூடியது, நல்ல எண்ணத்தோடு வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வளர்த்து விட்ட நீலத் துடுப்பு மஹ்சீர். காவிரிக்கே சொந்தமான, முதுகு கூனிய பொன்னிற மஹ்சீர் தூண்டிலுக்கு வருவது அருகிக்கொண்டே போயிற்று. காத்திருந்த மணிகளை எழுதாமல் பிடித்த மீனை மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கணக்கை ஒரு வருஷத்துக்கும் இன்னொரு வருஷத்துக்கும் ஒப்பிட்டிருக்கவே முடியாது.

2012-ல் அங்கே தூண்டில் போடுவது நின்றது. நோட்டும் அதோடு நின்றது. கூன்முதுகு மஹ்சீர் இன்ன இனம் என்று விஞ்ஞானிகள் நிச்சயமாகப் பெயர் சொன்னது 2018-ல்தான். அழிவின் விளிம்பில் நிற்கும் ஜீவன்களின் பட்டியலில் அது சேர்ந்ததும் அதே வருஷம். பெயர் நிச்சயமாகாத அத்தனை வருஷமும் தூண்டில்காரர்கள் அதை எடை பார்த்து, எழுதி, ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.